கீபோர்டுக்கு எந்தக் கால் வேணும்?

1. வாய் தவறிய மதியம்

எங்கள் கடையில் ஸ்டாண்டை யாரும் ஸ்டாண்ட் என்று சொல்ல மாட்டோம். கால் என்போம். எக்ஸ் கால், டபுள் எக்ஸ் கால், இசட் கால், டேபிள் கால். கஸ்டமர் உள்ளே வந்து கீபோர்டு பக்கம் முகத்தைத் திருப்பினாலே போதும், "கால் எது வேணும்ங்க?" என்று கேட்டுவிடுவேன். திருச்சி தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் ஒரு வாத்தியக் கடையில் இருபத்தாறு வருஷம் இப்படியே கேட்டுப் பழகிய வாய் இது.

அன்றைக்குச் சனிக்கிழமை மதியம். நான் மேஜைக்கு அடியில் குனிந்து, சிக்கிக் கிடந்த மைக் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "கீபோர்டுக்கு ஸ்டாண்ட் பாக்கணும்ணே" என்று ஒரு பெண் குரல் கேட்டது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எந்தக் கால் வேணும்மா?" என்றேன்.

தலையைத் தூக்கினேன். முதலில் கண்ணில் பட்டது ஓர் ஊன்றுகோலின் ரப்பர் முனை. அதை ஒட்டி ஒரு ஷூ. ஷூவின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, மேலே பெல்ட். தொடை வரைக்கும் போகிற காலிப்பர். அதற்கும் மேலேதான் முகம். நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கற ரெண்டையும் வச்சே ஓட்டிக்கிறேன்ணே. கீபோர்டுக்கு மட்டும் ஒண்ணு குடுங்க" என்றார்.

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அம்மா, அது கடைப் பேச்சு, நாங்கள் ஸ்டாண்டை அப்படித்தான் சொல்லுவோம் என்று என்னென்னவோ உளறினேன். உளற உளற இன்னும் மோசமானது. "டபுள் கால் இருக்கு, சிங்கிள் கால் இருக்கு" என்றுகூடச் சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் பதறியதைப் பார்த்து வந்த நிஜச் சிரிப்பு.

2. நான் விற்றது

அவர் பெயர் ஸ்டெல்லா. துவாக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழந்தையிலேயே போலியோ வந்து இடது கால் பலம் இழந்துவிட்டது. அந்தப் பக்கக் கையில் ஊன்றுகோல். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் துவாக்குடியிலிருந்து தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் வாசிப்பார். அது போக மனோகர் என்பவர் நடத்துகிற மெல்லிசைக் குழுவில் பல வருஷம் மேடையில் வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், திருவிழா, காலேஜ் விழா எல்லாம் போவார்.

போன வருஷம் ஒரு ரிசப்ஷனில் சம்பவம் நடந்தது. வழக்கம்போல வேறு யாரோ அவருக்கு எக்ஸ் ஸ்டாண்டை விரித்துக் கீபோர்டை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாண்டைப் பூட்டுகிற இரும்புப் பின் பாதிதான் உள்ளே போயிருக்கிறது. இரண்டாவது பாட்டு நடுவில் ஸ்டாண்ட் ஒரு பக்கம் சறுக்கி, கீபோர்டு அவர் கால்மேல் வந்து விழுந்தது. காலிப்பர் ஸ்டாண்டில் சிக்கிக்கொண்டதால் சட்டென்று எழ முடியவில்லை. பாட்டு நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்களாம்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றார் டீச்சர். மனோகர் அடுத்த நாள் போன் போட்டு ரொம்பப் பிரியமாகப் பேசி, இனிமேல் ரெக்கார்டிங் மட்டும் வந்து வாசியுங்கள், மேடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒரு மேடைக்கும் கூப்பிடவில்லை. டீச்சரும் விடவில்லை. கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒரு வாய்ப்பு வாங்கிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிசப்ஷன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நிபந்தனை ஒன்றுதான். ஸ்டாண்டைத் தூக்க, விரிக்க, மாட்ட ஓர் ஆளும் தர முடியாது. எல்லாம் அவரே செய்துகொள்ள வேண்டும். மறுபடி ஏதாவது ஆனால் அதோடு மேடையை மறந்துவிட வேண்டும்.

"அவரு மேல தப்பு இல்லண்ணே. இன்னொரு தடவை விழுந்தா அவரு பேரும்தானே போகும். ஆனா மேடை இல்லாம எனக்கு முடியல. எட்டு மாசமா கையெல்லாம் கனமா இருக்கு."

அது எந்த மாடல் ஸ்டாண்ட் என்று கேட்டேன். நீலப் பிடி வைத்த எக்ஸ், உங்கள் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதனால்தான் விற்றவரிடமே கேட்கலாம் என்று வந்தேன் என்றார். அந்த ஸ்டாண்டை மனோகருக்கு விற்றது நான்தான். "யானையையே ஏத்தலாம் சார்" என்று சொல்லி விற்றதும் நினைவில் இருக்கிறது. உட்கார்ந்து வாசிப்பவர் யாராவது உண்டா என்றோ, அந்தக் குழுவில் காலிப்பர் போட்ட ஒருவர் இருக்கிறாரா என்றோ நான் கேட்கவே இல்லை. எத்தனை கட்டை கீபோர்டு, என்ன பட்ஜெட், இவ்வளவுதான் நான் கேட்கிற கேள்விகள்.

3. நின்றால் ஒரு கை

சரி, ஒரு கையால் திறக்கிற ஸ்டாண்டைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று ரோஷத்தோடு இறங்கினேன். அடுத்த ஒரு மணி நேரம் கடையில் இருந்த அத்தனையையும் தரையில் பரப்பினேன்.

எக்ஸ் ஒரு கையால் திறக்கும். பின்னை இழுத்தால் விரியும். ஆனால் டீச்சர் உட்காரும்போது இடது காலை நேராக நீட்டித்தான் வைப்பார். வலது கால் பெடலுக்கு. எக்ஸின் குறுக்குக் கம்பி சரியாகக் காலிப்பரில் போய் இடித்தது. மேடையில் இத்தனை வருஷம் ஒருக்களித்து உட்கார்ந்துதான் சமாளித்தாராம். இசட் அருமையானது. முன்பக்கம் முழுக்கக் காலி, கால் நீட்டலாம், ஆட்டமே இருக்காது. ஆனால் பத்துக் கிலோ. டீச்சர் அதை முதுகில் மாட்டிப் பார்த்துவிட்டு இறக்கினார். இதைத் தூக்கிக்கொண்டு மேடைப் படி ஏறினால் வாசிக்க மூச்சு மிஞ்சாது என்றார். பெரிய கம்பெனி ஒற்றைத் தூண் ஸ்டாண்டைக் காட்டினேன். அதை மாட்ட எனக்கே அரை மணி ஆகும்.

மிச்சம் இருந்தது டேபிள் கால். மேஜை மாதிரி ஒரு சட்டம், அதற்கு அடியில் மடங்குகிற நாலு கால். இசட்டில் பாதி எடைதான். அடியில் இடமும் தாராளம். ஆனால் காலுக்கு ஒன்றாக நாலு பூட்டு. சட்டத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் அடியில் துழாவிக் காலை இழுத்து மாட்ட வேண்டும். நானே இரண்டு கையோடு முழங்காலையும் சேர்த்துத்தான் மாட்டுவேன். அதைக் காட்டாமலேயே ஓரமாக வைத்தேன்.

"அதை ஏன் ஒதுக்குறீங்க?"

"அதுக்கு ரெண்டு கை வேணும் டீச்சர்."

"எனக்கு எத்தனை இருக்கு?"

நான் ஊன்றுகோலைப் பார்த்தேன். டீச்சர் வகுப்பில் பையனுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"நின்னாத்தான்ணே எனக்கு ஒரு கை. உக்காந்தா ரெண்டு கை."

கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று கேட்டார். போட்டேன். உட்கார்ந்தார். ஊன்றுகோலைத் தரையில் படுக்க வைத்தார். மடங்கிக் கிடந்த ஸ்டாண்டைத் தூக்கி மடியில் கவிழ்த்துப் போட்டார். சட்டம் மடியில், கால் மடிப்பெல்லாம் மேலே. அடியில் இருக்க வேண்டியதெல்லாம் இப்போது அவர் கண் முன்னால் வெளிச்சத்தில் இருந்தது. ஒரு காலைத் தூக்கி நிறுத்தினார். பூட்டு டக்கென்று விழுந்தது. விரலால் ஒரு தட்டு, கண்ணால் ஒரு பார்வை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நாலு காலும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு சட்டத்தை முன்பக்கமாகச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்ற வைத்து, நிமிர்த்தித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நீட்டிய காலுக்கு மேலே ஸ்டாண்ட் வந்து நின்றது.

பொய் சொல்லவில்லை, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக நானும் எனக்குத் தெரிந்த அத்தனை வாசிப்பவர்களும் ஸ்டாண்டை நின்றுகொண்டு விரித்து, பூட்டு விழுந்ததா இல்லையா என்று அடியில் கையை விட்டுக் குருட்டாம்போக்கில் தடவியிருக்கிறோம். மேடையில் ஸ்டாண்ட் விழுந்து என் கடைக்கு ரிப்பேருக்கு வந்த கீபோர்டுகளில் முக்கால்வாசி இந்தத் தடவலில் வந்தவைதான். இந்த அம்மா ஸ்டாண்டைத் தொட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். தோன்ற ஒன்றும் இல்லை, காலிப்பரையும் தினமும் காலையில் உட்கார்ந்துதான் மாட்டுகிறேன், மாட்டும்போது ஒவ்வொரு பூட்டையும் கண்ணால் பார்த்துவிடுவேன், பார்க்காமல் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்றார்.

4. டைல்ஸும் பலகையும்

அப்போதே பில் போட்டிருப்பேன். டீச்சர் விடவில்லை. ஊன்றுகோலால் எங்கள் கடைத் தரையைத் தட்டினார்.

"இங்க டைல்ஸ்ணே. அங்க பலகை, அதுக்கு மேல ஜமுக்காளம். அதுல நிக்குமா?"

இன்னொரு அறை விழுந்த மாதிரி இருந்தது. எங்கள் கடையில் ஸ்டாண்ட் பார்க்கிறவர்கள் எல்லாரும் டைல்ஸில் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆடவில்லை என்றால் வாங்கிக்கொண்டு போவார்கள். டைல்ஸ் போட்ட மேடையை நான் இந்த ஜில்லாவில் எத்தனை பார்த்திருக்கிறேன்? எல்லாம் பெஞ்சு, பலகை, விரிப்பு.

பின்பக்கம் குடோனில் பேக்கிங் பலகைகளை வரிசையாகப் போட்டு மேலே ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்தேன். டீச்சர் ஸ்டாண்டை வைத்துக் கடைக் கீபோர்டை ஏற்றி வாசித்தார். கையில் கொஞ்சம் அழுத்தம் கூடியதும் ஸ்டாண்ட் ஜமுக்காளத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இஞ்ச் இஞ்சாக முன்னால் போனது. கால் முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடி வழுக்கியது.

டீச்சர் தன் ஊன்றுகோலைத் திருப்பி முனையைக் காட்டினார். தடியான கறுப்பு ரப்பர், அடியில் வட்ட வட்டமாகக் கோடு.

"மருந்துக் கடையில கிடைக்கும். இதுல கோடு தேஞ்சா நான் விழுந்துருவேன். அதனால மூணு மாசத்துக்கு ஒண்ணு மாத்திருவேன். உங்க கம்பெனிக்காரங்க யாரும் விழுந்து பாத்ததில்ல போல."

அவரே பையிலிருந்து புது ரப்பர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டின் குழாய் கொஞ்சம் ஒல்லி. சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டிக் குழாயில் சுற்றி ரப்பரைச் செருகினேன். பல்லைக் கடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. மற்ற மூன்றையும் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கி வந்து மாட்டினேன். மறுபடி பலகையில் வைத்தோம். டீச்சர் இரண்டு கையாலும் ஏழெட்டுக் கட்டைகளை ஒன்றாக அழுத்தி ஓங்கி ஒரு கார்டு அடித்தார். ஸ்டாண்ட் இம்மி நகரவில்லை. அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியாது.

உயரம் சரிபார்க்க வியாழக்கிழமை மறுபடி வந்தார். இடையில் நான் கடையில் எல்லாரையும் கூப்பிட்டு, இனிமேல் கால் என்ற வார்த்தையே கூடாது, ஸ்டாண்ட் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். டீச்சர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னண்ணே, எல்லாரும் இங்கிலீஷுக்கு மாறிட்டீங்க? கால்னே சொல்லுங்க. அது ஒண்ணும் கெட்ட வார்த்தை இல்லையே."

5. ஸ்ரீரங்கம்

ஞாயிற்றுக்கிழமை மைக் ஒயர் கொடுக்கப் போகிற சாக்கில் நானும் ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதிக்குப் பக்கத்தில் சின்ன மண்டபம். சாயங்காலம் ஐந்து மணி. டீச்சர் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, ஸ்டாண்ட் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். இறக்கிவிட்டு மறுபடி கீழே போய்க் கீபோர்டை அதே மாதிரி முதுகில் ஏற்றி வந்தார். எனக்குக் கை பரபரத்தது. நிபந்தனை இருந்ததால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஸ்டாண்டை உடனே விரிக்கவில்லை. ஜமுக்காளத்தின் மேல் மெல்ல நடந்துகொண்டே ஊன்றுகோலால் தட்டினார். டொம், டொம் என்று காலியான சத்தம். நாலடி தள்ளி டக் என்று ஒரு சத்தம். நின்றார். மறுபடி அந்த வரிசையிலேயே தட்டிக்கொண்டு போனார். டக், டக். பலகைக்கு அடியில் தாங்கு கட்டை ஓடுகிற இடம் அது. தினமும் எந்தத் தரை தாங்கும் என்று பார்த்து நடக்கிறவருடைய காது, போதாததற்கு ஸ்வரம் பழகிய காது. மேடை போட்டவருக்கே அந்த இடம் தெரிந்திருக்காது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

மனோகர் வந்து, டிரம்ஸுக்குப் பக்கத்தில் மூலையில் உட்காரச் சொன்னார். அங்கே பலகை தொங்குகிறது, நான் இங்கேதான் உட்காருவேன் என்றார் டீச்சர். சாப்பாட்டு ஹாலிலிருந்து கை இல்லாத நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கினார். உட்கார்ந்தார். மடியில் கவிழ்த்தார். டக், டக், டக், டக். குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மனோகர் பார்க்கவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாரிடமோ வழி சொல்லியபடி, குழுவில் தான் வாசிக்கிற இரண்டாவது கீபோர்டுக்கு ஸ்டாண்ட் விரித்துக்கொண்டிருந்தார். நீலப் பிடி எக்ஸ். நான் விற்ற அதே ஸ்டாண்ட்.

கல்யாணப் பெண்ணுடைய அப்பா வந்து, "முதல்ல பெருமாள் மேல ஒண்ணு வாசிச்சுட்டு ஆரம்பிங்கோ" என்று கேட்டுக்கொண்டார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். எட்டு மாசம் மேடை ஏறாத கை என்று யாரும் சொல்ல முடியாது. பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டு முன்வரிசையிலேயே நின்றுவிட்டார்.

நாலைந்து பாட்டு போனது. பிறகு வேகப் பாட்டு. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பத்துப் பதினைந்து பேர் மேடையில் ஏறி ஆட ஆரம்பித்தார்கள். பலகை மொத்தமும் குதித்தது. என் கண் டீச்சர் ஸ்டாண்டின் நாலு கால் மேலேயே இருந்தது. விழுந்தால் அவருக்கு மேடை போச்சு. எனக்கோ இனிமேல் எந்த முகத்தோடு ஸ்டாண்ட் விற்பது என்றிருந்தது.

படீர் என்று சத்தம் கேட்டது. என் உயிரே போய் வந்தது. சறுக்கியது டீச்சருடையது இல்லை. மனோகருடைய எக்ஸ் ஒரு பக்கம் மடங்கிப் படுத்துவிட்டது. நல்ல வேளை, கீபோர்டு தரைக்குப் போவதற்குள் அவர் இரண்டு கையாலும் வாரிப் பிடித்துக்கொண்டார். பாட்டின் புல்லாங்குழல் பாகம், வயலின் ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் அவர் கீபோர்டில்தான். பாடுகிறவர் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி பாட்டு நிற்கப் போகிறது என்று நினைத்தேன்.

நிற்கவில்லை. டீச்சர் மனோகரை ஒரு தடவை பார்த்தார். வலது கையால் அவருடைய குழல் பாகத்தை எடுத்தார், இடது கையில் தன்னுடையதை விடவில்லை. ஆடுகிறவர்களுக்கு எதுவுமே தெரியாது. பலகை குதித்துக்கொண்டே இருந்தது. டீச்சரின் ஸ்டாண்ட் நட்டு வைத்த மாதிரி நின்றது. மனோகர் பாட்டு முடியும் வரை தூங்கும் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி கீபோர்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார், கீழே வைக்க இடம் இல்லாமல்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் அவர் டீச்சர் பக்கம் வந்தார். கீபோர்டு இன்னும் கையில். குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தார். ஆச்சரியத்தில் நாக்கு எங்கள் கடைப் பேச்சுக்குப் போய்விட்டது.

"டீச்சர், உங்க கால் ஆடவே இல்லையே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துவிட்டது. நான் மேடை ஓரத்தில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, கடவுளே என்று நின்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எதைச் சொல்றீங்க சார்? மொத்தம் ஆறு இருக்கு."

முதலில் சிரித்தது டிரம்ஸ்காரர். அப்புறம் எல்லாரும். மனோகர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்று, கடைசியில், "அடுத்த வாரம் பொன்மலையில ஒரு ப்ரோக்ராம் இருக்கு, வந்துருங்க" என்றார். டீச்சர், அதற்கு முன்னால் உங்கள் கீபோர்டைக் கொடுங்கள், இங்கே என்னுடையதற்குப் பக்கத்தில் வையுங்கள், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். மிச்சக் கச்சேரி முழுக்க அவர் கீபோர்டின் ஒரு முனை டீச்சர் ஸ்டாண்டிலும் மறு முனை ஒரு நாற்காலியிலும் நின்றது.

6. இப்போது

மனோகர் மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வந்துவிட்டார். டீச்சருடையது மாதிரியே ஒன்று வேண்டும், ரப்பரோடு என்றார். அந்த எக்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அது இன்றைக்கும் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. விற்பனைக்கு இல்லை, எனக்காக.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கீபோர்டு எத்தனை கட்டை, எத்தனை கிலோ என்பதெல்லாம் அட்டைப்பெட்டி மேலேயே எழுதியிருக்கும். வாசிக்கிறவர் அதை எப்படித் தூக்குவார், எங்கே வைப்பார், எப்படி உட்காருவார் என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும். நான் கேட்காமல் விற்றதில் ஒரு அம்மாவுக்கு எட்டு மாசம் போனது.

இப்போது யார் ஸ்டாண்ட் கேட்டு வந்தாலும் நான் முதலில் கை இல்லாத நாற்காலியைப் போடுகிறேன். உட்காரச் சொல்லி மடியில் கவிழ்த்துக் கொடுக்கிறேன். நன்றாக நிற்கத் தெரிந்தவர்கள்தான் முதலில் முகம் சுளிக்கிறார்கள். நாலு பூட்டும் கண் முன்னால் விழுவதைப் பார்த்ததும், இது யார் கண்டுபிடித்தது என்று கேட்பார்கள். துவாக்குடியில் ஒரு கணக்கு டீச்சர் என்பேன். அப்புறம்தான் குனிந்து, பழைய வாயாலேயே கேட்கிறேன்: எந்தக் கால் வேணும்ங்க?